உள்ளே பார்த்தால் மோட்டார்

ராப் என்றால் கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டு, எதிரே நிற்கிறவனை விரல் நீட்டி ஏசுவது என்றுதான் கோடியக்கரையில் எங்கள் டீக்கடைப் பெஞ்சு முடிவு செய்திருந்தது. அந்தப் பெஞ்சில் மூத்த உறுப்பினன் நான். சென்னையில் வேலை பார்க்கும் மகள், "அறிவு கச்சேரிக்கு உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேம்ப்பா" என்றபோது, போகாமலிருக்க முழங்கால், மழை, மாடு என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. மனைவி பெட்டி கட்டி முடிப்பதற்குள் எல்லாம் காலாவதியாகிவிட்டன.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மகள் வகுப்பெடுத்தாள். ஹிப் ஹாப் 1973-ல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்ததாம். கெண்ட்ரிக் லாமர் என்பவருக்கு 2018-ல் புலிட்சர் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். அவர் தன் மனசாட்சியோடு தானே மல்லுக்கட்டுவதைப் பாட்டாக்குகிறவர்.

"நானும் இத்தனை வருஷமா வீட்டுல தனியாத்தான் பேசிக்கிட்டிருக்கேன். எனக்கு யாரு பரிசு கொடுத்தா?" என்றாள் மனைவி.

ராப் பாடகர் அறிவு அரக்கோணத்துக்காரர். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேற்றிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். மறுவருஷம் இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு 'தெருக்குரல்' ஆல்பம் கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' எங்கள் பக்கத்துக் காதுகுத்து வரை வந்து சேர்ந்தது. ஒரு காதுகுத்தில் நானே அதற்கு ஆடியிருக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாள் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறார் என்று அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துண்டை இடுப்பில் கட்டாமலாவது ஆடியிருப்பேன்.

கச்சேரியில் நாற்காலி கிடையாது. காசு கொடுத்து நிற்பதற்கு ரேஷன் கடையே தேவலை; அங்கே வெளியே வரும்போது கையில் அரிசியாவது இருக்கும். பறையும் கிடாரும் சேர்ந்து எழும்பியதில் என் பல்செட் தனி ஆவர்த்தனம் வாசித்தது. அப்புறம் வாத்தியம் தணிந்தது. அந்தப் பிள்ளை மூச்சு வாங்காமல் தன் பாட்டியை, தன் கோபத்தை, தான் எங்கிருந்து வந்தவன் என்பதை அடுக்கிக்கொண்டே போனார். சுற்றிலும் இளவட்டங்கள் கண்ணை மூடி நின்றார்கள். "தனக்குள்ள போயிட்டாங்கப்பா" என்றாள் மகள்.

நானும் மூடினேன். உள்ளே போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது நிறுத்தினேனா? அதைத் தள்ளிக்கொண்டு இன்னும் உள்ளே போனால் கேஸ் சிலிண்டர். அதற்கப்பால், கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்து இன்னும் பாளை விடாத கன்றுகள். அடியாழத்தில் தம்பி, அவனோடு வேலித் தகராறு. அதற்குக் கீழே துழாவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. என் ஆத்மாவில் மொத்தச் சரக்கே இவ்வளவுதான்.

"என்னங்க," என்று காதில் கத்தினாள் மனைவி, "உங்க அப்பாயி பேரு என்ன?"

தெரியவில்லை. அப்பாயிக்கு அப்பாயி என்றுதான் பேர். ஊருக்கு 'உப்பளத்து ஆத்தா'.

பூநாரை பார்க்க வருகிறவர்களை வழிமறித்து, கல்கியின் பூங்குழலி வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கமாகப் படகு தள்ளினாள் என்று கை காட்டுகிறவன் நான். அப்பா தியாகவிடங்கர், அண்ணி ராக்கம்மாள், அத்தை மந்தாகினி என்று அவளுடைய வம்சத்தையே ஒப்பிப்பேன். ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது 1930 ஏப்ரல் 30 என்பேன். அதே உப்பை ஆயுசு பூராவும் வாரி, பாதம் வெடித்துப்போய், அந்தக் காலோடு என்னை இடுப்பில் சுமந்தவள் பேர் மட்டும் பாடத்தில் இல்லை. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட தோட்டத் தமிழர் 5,25,000 பேர் என்று பெஞ்சில் கமா பிசகாமல் சொல்லியிருக்கிறேன். எங்கள் கரைக்கு எதிர்க்கரைதான் இலங்கை. அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒரு பேரைக்கூட நான் சொன்னதில்லை, பெஞ்சும் கேட்டதில்லை.

ஓரமாக ஒதுங்கி ஊரிலுள்ள அத்தைக்குப் போன் போட்டேன்.

"என்னடா இரைச்சல், அங்க புயலா?"

"கச்சேரித்தே. அப்பாயி பேரு என்ன?"

மறுமுனையில் வெற்றிலை மெல்லுவது நின்றது.

"ராத்திரி பத்து மணிக்கு எங்கம்மா பேரு உனக்கு எதுக்கு? பத்திர ஆபீஸ்ல நிக்கிறியா?"

"ஒரு பாட்டு கேட்டேன்த்தே, அதான்..."

"பாட்டு கேட்டா எவனாவது பாட்டி பேரக் கேப்பானா? வேலிப்பக்கத்து மனை அவ பேர்லதான் கெடக்குன்னு எவனோ உனக்கு ஓதிவிட்டுட்டான். தம்பியக் கூட்டிக்கிட்டு வா. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுத்தான் சொல்லுவேன்."

வைத்துவிட்டாள்.

"என்ன பேராம்?" என்றாள் மனைவி.

"தம்பி நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்றேன்.