பூனைப் பிடியா, குரங்குப் பிடியா? பாக்கெட் பில்லியர்ட்ஸில் மணிக்கட்டின் நிலை குறித்த ஓர் ஆய்வு

பாக்கெட் பில்லியர்ட்ஸில் பந்து குழிக்குள் விழுந்தால் அது ஆடியவரின் திறமை. விழாவிட்டால் மணிக்கட்டின் குற்றம். ஆட்டக்கூடங்களில் வழங்கிவரும் இக்கோட்பாட்டுக்கு ஆதாரம் தேடுவதே இவ்வாய்வின் நோக்கம். பந்தை அடிக்கும் கோலான கியூவின் பின்பகுதியைப் பற்றும் கை மட்டுமே இங்கு ஆய்வுப்பொருள். மேசைமேல் கியூவுக்குப் பாலம் கட்டும் மற்றக் கைக்கு வேறோர் ஆய்வாளர் பிறந்து வரட்டும்.

முதலில் முன்னோர். பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835இல் பில்லியர்ட்ஸின் கணிதத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். பந்தின் சுழற்சி, உராய்வு, அது வளைந்தோடும் பாதை ஆகியவற்றை அளந்து தீர்த்த அந்த மேதையின் கரிசனம் பெரும்பாலும் பந்தின் பக்கமே. விதிநூலோ, அடிக்கும்போது ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும் என்று காலுக்குச் சட்டம் போட்டுவிட்டு, கியூவை எப்படிப் பிடிப்பது என்பதில் வாய் திறப்பதில்லை. சட்டம் பேசாத இடத்தில் சம்பிரதாயம் வளரும். வளர்ந்த சம்பிரதாயம் இரண்டு கலைகளாகப் பிரியும்.

பிரிந்தும் இருக்கிறது. தாய்ப்பூனை கவ்விச் செல்ல, குட்டி எதையும் பற்றாமல் தொங்குகிறது. குரங்குக்குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. சரணாகதியை விளக்க வைணவப் பெரியோர் கையாண்ட இந்த உவமைகளைப் பின்கைக்கும் நீட்டிப்பதைத் தென்கலையாரும் வடகலையாரும் பொறுத்தருள்க.

பூனைக் கட்சியார் சொல்வது இது: கியூ அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது, அந்த எடையே வேலையைச் செய்துவிடும், விரல்கள் அதைத் தாங்கினால் போதும். குரங்குக் கட்சிக்கு எழுத்தில் ஆதரவாளர் அரிது. ஆனால் கடைசிப் பந்துக்கு முன்னால் நிற்கும் எவரும் அக்கட்சியில்தான் இருப்பார். உள்ளங்கை உடும்பாகிறது, முன்கைத் தசை விறைக்கிறது, மணிக்கட்டு உட்புறம் மடங்குகிறது, கியூவின் முனை பக்கவாட்டில் நழுவுகிறது. 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைப் பந்தின் நடுவில் பட வேண்டிய முனை ஓரமாகப் பட்டு, யாரும் கேட்காத ஒரு சுழற்சியைப் பந்துக்கு அருளுகிறது. தளர்விலும் அபாயம் உண்டு: அளவு கடந்தால் கியூ கையைத் துறந்து பரமபதம் போய்விடும்.

முனை பந்தைத் தொடும் கணத்தில் முன்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும், மணிக்கட்டு அதே கோட்டில் நேராக இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர்களின் பொதுவான உபதேசம். அதைக் குலைக்கவென்றே சிலர் அவதரித்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ் இளகிய மணிக்கட்டோடு நீளமாக வீசி அடித்து 1999இல் நைன்-பால் உலகப் பட்டம் வென்றார். அவர் நாட்டவரான பிரான்சிஸ்கோ புஸ்டமாண்டே, குறிபார்க்கும்போது முனையைத் துணியருகே தாழ்த்தி வைத்து, அடிக்கும்போது வேறிடத்தில் அடிப்பார். 2010இல் அதே பட்டம் அவருக்கும் கிடைத்தது. அமெரிக்கரான கீத் மெக்கிரெடியின் முழங்கையோ செங்குத்து என்ற சொல்லையே அறியாமல் பக்கவாட்டில் விரியும். 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் அதைக் கண்ணாரக் காணலாம். விதி பிழையா, இவர்கள் விதிவிலக்கா? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கோணலாக இருப்பவரை நேரானவர் கணக்கில் சேர்க்கலாம் என்பது எம் துணிபு.

இயற்பியல் சொல்வதையும் கேட்போம். முனையும் பந்தும் ஒட்டியிருப்பது ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்பின் மணிக்கட்டு பரதநாட்டிய முத்திரையே பிடித்தாலும் பந்துக்குத் தெரியாது. இது தெரிந்தவர்களும் ஓடும் பந்துக்கு வழிகாட்ட இடுப்பை வளைக்கிறார்கள், ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், கியூவை வலப்புறம் சாய்த்து மன்றாடுகிறார்கள். பந்து குழியின் உதட்டில் நின்றுவிட்டால் அடுத்த சடங்கு தொடங்குகிறது: ஆடியவர் மெல்ல நிமிர்வார், மணிக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், சுழற்றுவார், பிறகு முனைக்குச் சாக்கு தடவுவார்.

பழியைக் கியூவின் மேல் போடலாகாதா என்று ஒரு தடை எழலாம். போடலாம், ஆனால் கூடத்துக் கியூ பொதுச்சொத்து. எதிராளி அதையே வாங்கி, அதே பந்தை அதே குழியில் போட்டுக் காட்டிவிடக்கூடும். மணிக்கட்டை அப்படி யாரும் இரவல் வாங்கிப் பார்க்க முடியாது.