கருமணலுக்குக் கவர் போட்ட கதை

வாடே மக்கா, இப்படித் திண்ணையில உக்காரு. புதுப் போனாம்லா? காட்டு பாப்போம். டைட்டானியமா! விமானத்துக்குப் போடுற உலோகமுன்னு கடைக்காரன் சொன்னானா? சொல்லுவான், அவனுக்கு விக்கணும்லா. சரி, அந்த டைட்டானியம் இதுல எங்கடே இருக்கு? சுத்தி ஓரத்துல மட்டும். உள்ளுக்குள்ள அலுமினியம். முன்னயும் பின்னயும் கண்ணாடி. கீழ விழுந்தா எது ஒடையும்? பொறவு அந்த ஓரத்தையும் ஒரு ரப்பர் கவரப் போட்டு மூடிட்ட. டைட்டானியத்துக்குக் காசு குடுத்துட்டு ரப்பரத் தடவிக்கிட்டுத் திரியுத. கூறு உண்டா ஒனக்கு?

மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயி கடலுல கால் நனைச்சியே, கருப்பா ஒட்டுன மணலத் தட்டித் தட்டி விட்டியே, அதுக்குள்ள இருக்கது இந்த டைட்டானியத்தோட தாதுதான். இல்மனைட்டுன்னு பேரு. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில அதத்தான் பிரிச்சு எடுக்கான். 1909-ல ஷோம்பெர்க்குன்னு ஒரு ஜெர்மன்காரன், நம்ம தேங்காநாருல ஒட்டிக்கிட்டுப் போன மணலப் பாத்து மோப்பம் பிடிச்சான். அவன் கண்ணு அதுல கெடந்த மோனசைட்டுங்குத வேற தாது மேல. இல்மனைட்ட அன்னைக்கு யாரு சீண்டுனா?

அபூர்வமான சாமானாம்! பூமித்தோலுல கெடக்க தனிமத்துல டைட்டானியத்துக்கு ஒம்பதாவது எடம். தோண்டி எடுக்கதுல பெரும்பங்கு உலோகமாவே ஆகாது. வெள்ளப் பொடியாயி பெயிண்டுக்கும் காயிதத்துக்கும் போயிரும். ஒன் வீட்டுச் செவத்துல வெள்ளையா இருக்கதும் அதுவாத்தான் இருக்கும். செவத்தக் காட்டி யாருட்டயாவது பெருமை அடிச்சியா?

பொறவு ஏன் இந்த வெலைன்னு கேக்கியா? கேளு. இரும்பு மாதிரி கரியப் போட்டு உருக்க முடியாது. சூடு ஏறுனா காத்துல இருக்க ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாத்தையும் இழுத்து வச்சுக்கிட்டு, தட்டுனா நொறுங்குத பக்குவத்துக்கு வந்துரும். குரோல்னு ஒரு லக்சம்பர்க்காரரு வழி கண்டுபிடிச்சாரு. தாதுவக் குளோரினோட சேத்துத் திரவமாக்கி, காத்துப் படாத கலத்துல மக்னீசியத்தோட வச்சா, ஓட்ட ஓட்டையாக் கட்டி கிட்டும். அதுக்கு ஸ்பாஞ்சுன்னு பேரு. அத வெற்றிடத்துல உருக்கணும், 1668 டிகிரி சூடு வேணும். கேரளத்துல சவறாவுல 2011-ல ஸ்பாஞ்சு செய்ய ஒரு ஆலை தொறந்தான். ஆக, நீ குடுக்க காசு மணலுக்கு இல்ல, அந்தப் பாட்டுக்கு.

எம் மருமவ ஒருத்தி 'சுத்த டைட்டானியம்'னு ஒரு சட்டி வாங்கிட்டு வந்தா. கனமில்ல, துரு பிடிக்காது, எல்லாஞ் சரி. சூடு பரவணும்லாடே? தீ பட்ட எடத்துல தோசை கரியுது, ஓரத்துல மாவாவே கெடக்கு. மலையேறுதவன் முதுகுல சுமந்துட்டுப் போயி வெந்நி வைக்கச் செஞ்ச சட்டி அது. அடுப்புக்கும் அலமாரிக்கும் நாலெட்டு நடக்கவளுக்குக் கனம் கொறைஞ்சு என்ன லாபம்? ஒன் போன்காரனே 2025-ல வந்த பெரிய மாடல அலுமினியத்துக்கு மாத்திட்டான், சூடு எறங்கணும்னு. ஒங்கிட்ட யாரும் சொல்லலியோ?

சுத்தம்னா ஒசத்தின்னு வேற நெனைப்பு. விமானத்துக்குப் போறதுல நெறைய கலப்புச் சரக்குதான், நூத்துக்கு ஆறு அலுமினியம், நாலு வனேடியம். கடல்வெள்ளம் ஓடுற குழாயிக்குத்தான் சுத்தமானது.

அந்தக் கலப்புச் சரக்கு நெசமா வேண்டிய எடமும் உண்டு. சென்னையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க 'மத்ஸ்யா 6000'ன்னு ஒரு நீர்மூழ்கி செய்யுதாங்க. மூணு பேரு ஒரு உருண்டைக்குள்ள உக்காந்து ஆறு கிலோமீட்டர் ஆழத்துக்கு எறங்கணும். அங்க அமுக்கம் மேல இருக்கத விட 600 மடங்கு. அந்த உருண்டைக்கு 80 மில்லிமீட்டர் கனத்துல டைட்டானியம். அங்க போயி 'அலுமினியம் போதும்டே'ன்னு நான் சொல்லுவனா?

பல்லும் அப்படித்தான். ஸ்வீடன்ல பிரானமார்க்குன்னு ஒரு டாக்டரு முயல் எலும்புக்குள்ள டைட்டானியத்தச் செருகிப் பாத்தாரு. திரும்ப எடுக்கப் பாத்தா வரல, எலும்பு அதோட ஒட்டிக்கிட்டு. 1965-ல மனுசனுக்கே வச்சாரு. நம்ம வடக்குத்தெரு செல்லம்மைக்கும் ரெண்டு கடவாப்பல்லு அப்படித்தான். அச்சுமுறுக்கு கடக்கு கடக்குன்னு கடிக்கா. என்ன உலோகம் பாட்டின்னு கேட்டுப் பாரு. "டாக்டரு ஏதோ பேரு சொன்னாரு மக்களே, எனக்கெங்க ஓர்ம? நீ முறுக்கு எடு"ம்பா.