மூன்றங்குலப் பஞ்சாயத்து

என் உயரம் 5 அடி 3 அங்குலம். கேட்பவர்களிடம் ஐந்தரை என்றுதான் சொல்லி வந்தேன். யாரும் டேப் எடுத்து அளக்கப்போவதில்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வீட்டுக்கு வந்தபிறகு அளக்காமலே தெருவுக்குத் தெரிந்துபோனது. அந்த வண்டிக்கு சீட் உயரம் 800 மில்லிமீட்டர், அதாவது 31.5 அங்குலம். பேன்ட் தைக்கிற டெய்லர் கணக்கில் என் உள்கால் 28.5. நடுவில் நிற்கிற மூன்று அங்குலத்தோடுதான் இத்தனை காலமும் பஞ்சாயத்து.

ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். காலில் தடித்த சோல் வைத்த பூட்ஸ், கீழே சமமான டைல்ஸ் தரை, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு பையன். அவன் நல்லவன். “சார், மீட்டியர் வண்டியையும் ஒருவாட்டி பாத்துடுங்களேன், சீட் உயரம் 765தான்” என்று காதோரம் சொன்னான். குள்ளமானவனுக்குக் குள்ளமான வண்டியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

நம்மூர்ச் சாலையில் டைல்ஸ் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டிச் சாலை மேலே போய்விட்டது, ஓரத்து மண் கீழேயே கிடக்கிறது. நாம் போவது இடது ஓரம், நிறுத்தினால் ஊன்றுவதும் இடது கால். ஏற்கெனவே மூன்று அங்குலம் கடன்பட்டவனுக்கு அங்கே வட்டியும் சேர்ந்துவிடும்.

முன்னாள் மோட்டோ ஜிபி வீரர் டானி பெட்ரோசாவும் ஏறக்குறைய என் உயரம்தான். 125 சிசி, 250 சிசி பிரிவுகளில் மொத்தம் மூன்று உலகப் பட்டம் வாங்கியவர். சிரித்தவர்களிடமெல்லாம் அவரைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். மனைவி மட்டும், “ஏங்க, அவரு போற ரோட்டுல சிக்னல் இருக்கா?” என்றாள். இல்லைதான்.

முதலில் சீட்டில் கைவைத்தேன். குஷன் கடைக்காரர் ரெக்சினைப் பிரித்து ஃபோமைக் கத்தியால் சீவ ஆரம்பித்தார். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். மிஞ்சியது தோசைக் கனம். கால் கொஞ்சம் இறங்கியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திண்டிவனம் தாண்டுவதற்குள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் மேடு பள்ளமெல்லாம் எனக்கு மனப்பாடம். டீ குடிக்க இறங்கிய இடத்தில் பெஞ்சு காலியாக இருந்தும் நின்றே குடித்தேன்.

அடுத்து பூட்ஸ். செருப்பு தைப்பவரிடம் கொடுத்து இன்னொரு சோல் ஒட்டிக்கொண்டேன். உயர்ந்தேன். ஆனால் கியர் லிவருக்கு அடியில் ஷூ நுழைய மறுத்தது. முதல் கியர் விழும், இரண்டாவதுக்குத் தூக்க முடியாது. வேளச்சேரி வரை முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், வேகம் பிடிக்காத நிதானமானவன் என்று நினைத்திருக்கலாம்.

இவற்றோடு விட்டிருக்கலாம். லோயரிங் லிங்க் என்று ஒரு சாமான் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஹிமாலயனுக்குப் பின்னால் ஒற்றை ஷாக். அதைச் சக்கரத்தோடு சேர்க்கிற இணைப்புத் துண்டை மாற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். மாட்டியாயிற்று. பின்பக்கம் மட்டும் இறங்கியதால் மூக்கு வானத்தைப் பார்த்தது, ஹெட்லைட்டும்தான். இரவில் எதிரே வந்த லாரிக்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள். முன் ஃபோர்க்கையும் அதற்கு ஏற்றபடி கிளாம்ப்பில் ஏற்றிக் கட்டவேண்டும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

வண்டி இறங்கியது, சைடு ஸ்டாண்டு இறங்கவில்லை. அதன் நீளம் பழைய உயரத்துக்குச் செய்தது. ஸ்டாண்டு போட்டால் வண்டி சாயாமல் விறைப்பாக நிற்கும், பூனை உரசினாலும் வலப்பக்கம் போய்விடும். போயிற்று. சென்டர் ஸ்டாண்டு போடலாம் என்றால், தாழ்ந்துவிட்ட வண்டியை அதன்மேல் ஏற்ற முன்னைவிட அதிகம் தூக்கவேண்டும். வண்டியோ கிட்டத்தட்ட 200 கிலோ. வெல்டிங் பட்டறையில் சைடு ஸ்டாண்டை வெட்டி ஒட்டச் சொன்னேன். “எவ்ளோ சார்?” என்றார் அவர். குத்துமதிப்பாக இரண்டு விரலைக் காட்டினேன். என் விரல் மட்டும் நல்ல தடிமன். இப்போது வண்டி ஒருக்களித்துப் படுத்தாற்போல் சாய்ந்து நின்றது. அதை நிமிர்த்தவே தெருவில் ஒருவரைக் கூப்பிடவேண்டும்.

இந்த லட்சணத்தில் கொல்லிமலை. அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. நிறுத்தினேன். வளைவின் உள்பக்கம் சாலை சரிந்து இறங்கும் இடம் அது. இடக்காலை வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தேன், தரை வரவில்லை. வண்டி அவசரப்படாமல் சாய்ந்தது, நானும் கூடவே போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தூக்கிவிட்ட பெரியவர், “தம்பி, மொதல்ல பின்பக்கத்த அந்தாண்ட கொஞ்சம் நகத்தி ஒக்காருங்க, ஒரு காலு போதும்ல” என்றார். அவர் தோளில் பலாப்பழ மூட்டை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தினால் ஒரு கால் முழுப் பாதமும் ஊன்றும். வலக்கால் பிரேக்கிலேயே இருக்கலாம். குஷன் கடைக்காரரிடம் மறுபடி போய் ஃபோமைத் திரும்ப வைக்கச் சொன்னபோது, “உயரத்த விடுங்க சார், முன்னாடி தொடைகிட்ட அகலத்தக் கொறச்சாலே கால் எறங்கும்” என்றார். முதல்முறையே ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்க பேச விடலையே” என்றார்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷோரூமில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், பிடித்திருக்கும் பையனைக் கையை விடச் சொல்லுங்கள், முடிந்தால் வாசல் சரிவில் நிறுத்திப் பாருங்கள். அவன் வேறு வண்டி காட்டினால் ரோஷப்படாமல் அதிலும் ஒருமுறை உட்காருங்கள். இத்தனைக்குப் பிறகும் பழைய ஹிமாலயன் 411தான் என்றால், கழற்றி வைத்த லோயரிங் லிங்க் ஒன்று என் வீட்டுப் பரணில் இருக்கிறது, இலவசமாகவே தருகிறேன். சைடு ஸ்டாண்டை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்.