‘பெயின்’ எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: பல் வலித்தாலும் முதுகு வலித்தாலும் மருந்துக்கடையில் ‘பெயின்’ என்று சொன்னால் போதும், மாத்திரை வந்துவிடுகிறது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியிலேயே வலி என்றுதான் பொருளா?

பதில்: இல்லை, அதன் ஆதிப் பொருள் அபராதம். பண்டைக் கிரேக்கத்தில் கொலை செய்தவன், கொலையுண்டவனின் குடும்பத்தார் பழிக்குப் பழி வாங்காமல் இருப்பதற்காக அவர்களுக்குச் செலுத்திய ஈட்டுத்தொகை ‘பொய்னே’ எனப்பட்டது. ஹோமரின் இலியட் காவியத்தில், அகிலீஸின் கேடயத்தில் பொறிக்கப்பட்ட காட்சிகளுள் ஒன்றாக, இத்தகைய தொகைக்காக இருவர் ஊர்ப் பொதுமன்றில் வழக்காடுவது 18-ஆம் பகுதியில் வருகிறது. லத்தீன் மொழி இச்சொல்லை ‘பொய்னா’ என்று கடன் பெற்றபோது பொருள் தொகையிலிருந்து தண்டனைக்கு விரிந்தது. அதுவே பழைய பிரெஞ்சு மொழியில் மேலும் தேய்ந்து, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அங்கே செல்வாக்குப் பெற்ற பிரெஞ்சின் வழியாக, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வரும்போதே தண்டனை, அதனால் விளையும் துன்பம் ஆகிய இரு பொருளையும் அது சுமந்து வந்தது. நரகத்தில் விதிக்கப்படும் தண்டனையையும் அங்கே அனுபவிக்கும் வேதனையையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் சமய எழுத்தில் வேரூன்றியிருந்தது. காலப்போக்கில் துன்பம் முன்னுக்கு வந்து தண்டனை பின்னுக்குச் செல்ல, எக்குற்றமும் அறியாத குழந்தையின் காதுவலிக்கும் அதுவே பெயராயிற்று.

கேள்வி: அப்படியென்றால் கால்பந்தாட்டத்தின் பெனால்டிக்கும் முதுகுவலிக்கும் உறவு உண்டா?

பதில்: நெருங்கிய உறவே உண்டு. பெனால்டி, பனிஷ்மென்ட், 1860-இல் இயற்றப்பட்ட இந்தியன் பீனல் கோடின் ‘பீனல்’ ஆகிய யாவும் அதே லத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள். சாட்சியை வரவழைக்கும் நீதிமன்ற ஆணையான ‘சப்பீனா’ என்பதற்கு, வராவிட்டால் தண்டனைக்கு உட்பட்டு, என்பதே லத்தீன் பொருள். உறவு ஐரோப்பாவின் மேற்கோடு நின்றுவிடவில்லை. கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படையான தொல் இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது இம்மொழிகளுக்கெல்லாம் மூலமாக அறிஞர்கள் மீட்டுருவாக்கிய மொழியின் வேர், செலுத்துதல், ஈடுசெய்தல் என்று பொருள்படுவது. ரஷ்ய மொழியில் விலையைக் குறிக்கும் ‘த்ஸெனா’வும், பாரசீகத்தில் வஞ்சத்தைக் குறிக்கும் ‘கீன்’ என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. விலையும் வஞ்சமும் வலியும் உடன்பிறப்புகளாக இருப்பது வியப்புக்குரியது. உயிருக்கு ஈடாகப் பொருளோ பழியோ கேட்கப்பட்ட பழங்குல நீதியை நினைத்தால் அது இயல்பாகவும் தோன்றும்.

கேள்வி: பிரெஞ்சு மொழியில் ரொட்டிக்கும் இதே நான்கு எழுத்துகள்தாமே? பாரிஸின் ரொட்டிக்கடைப் பலகையைக் கண்டு ஆங்கிலேயர் அஞ்ச வேண்டுமா?

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சொல் ரொட்டியைக் குறிக்கும் ‘பானிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, எழுத்தொற்றுமை தற்செயலானது. பைன் மரமும் உறவினர் அல்ல, ஆனால் ஏங்கி மெலிதலைக் குறிக்கும் ‘பைன்’ என்னும் ஆங்கில வினை உண்மையான உறவினரே: நார்மானியருக்கு முன்பே லத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துக்குள் வந்து, அங்கே சித்திரவதை செய்தலைக் குறித்த சொல் அது.

கேள்வி: வலிக்கென்று ஆங்கிலத்துக்குச் சொந்தச் சொல்லே இல்லையா?

பதில்: உண்டு, ‘ஹெட்ஏக்’ என்பதிலுள்ள ‘ஏக்’ அதுதான். முற்காலத்தில் அதன் வினை ‘க்’ ஒலியிலும் பெயர் ‘ச்’ ஒலியிலும் முடிந்தன. ஸ்பீக், ஸ்பீச் என்னும் இணையில் அந்த வேறுபாடு இன்றும் வாழ்கிறது.

கேள்வி: வலி ஒரு தண்டனை என்ற கருத்து சொல்லோடு நின்றதா, மருத்துவமனைக்குள்ளும் நுழைந்ததா?

பதில்: நுழைந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் வருத்தத்துக்குரிய பகுதி. எடின்பரோவின் மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் 1847-இல் பிரசவ வேதனையைத் தணிக்கக் குளோரோஃபார்ம் என்னும் மயக்க மருந்தைப் பயன்படுத்தியபோது, ஏவாளின் பாவத்துக்காகக் கடவுள் விதித்ததை மனிதர் நீக்கலாமா என்ற எதிர்ப்பை எதிர்பார்த்து, அதே ஆண்டில் தனி நூலொன்றை வெளியிட்டுப் பதிலளித்தார். விவிலியத்தின் ஆதியாகமத்தில் அவ்விடத்தில் உள்ள எபிரேயச் சொல் உணர்ச்சியாகிய வலியைவிட உழைப்பையே குறிக்கிறது என்பதும், விலா எலும்பை எடுக்குமுன் ஆதாமைக் கடவுளே ஆழ்ந்து உறங்கச் செய்தார் என்பதும் அவர் வாதங்கள். பெண்ணின் வேதனையை நியாயப்படுத்த எடுத்தாளப்பட்ட வசனத்தையே அவளுக்குத் துணையாக்கிய அந்த வாதத்திறம் மறக்கத்தக்கதன்று. 1853-இல் விக்டோரியா அரசி இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது மருத்துவர் ஜான் ஸ்னோவின் கையால் அதே மருந்தை ஏற்றார்.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய வரையறை, உடல் திசுக்களின் உண்மையான அல்லது நேரக்கூடிய சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய தொடர்பை ஒத்த, இன்னாத புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவமே வலி என்கிறது. சொல்லின் கிரேக்க, லத்தீன் பூர்வீகத்தைத் தன் குறிப்புகளில் பதிவு செய்யும் அதே ஆவணம், தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அக்கூற்று மதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதிவைத்திருக்கிறது.