ஸ்கோப்பஸ் சார்

மலேசியாவில் சிரம்பான் தாண்டி ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று எந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். பிறந்தது லயத்து வீட்டில், வேலை பல்கலைக்கழகத்தில். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்தது 'ஸ்கோப்பஸ் சார்'. ஸ்கோப்பஸ் என்பது எல்செவியர் நிறுவனம் நடத்தும் ஆய்விதழ்த் தரவுத்தளம். அதில் உள்ள இதழில் கட்டுரை வந்தால் பதவி உயர்வுக் கணக்கில் ஏறும். அதனால் சார் நலம் விசாரிப்பதே, "இந்த வருசம் எத்தனை ஸ்கோப்பஸ்?" என்றுதான்.

2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி வந்தது. அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு ஒரு கட்டுரை எழுதியவர், இப்போது தே தாரிக் ஆறுவதற்குள் ஒன்றை முடிக்கிறார். "மிஷின்ல போட்டா வந்துடும்" என்று பெருமை வேறு.

ரப்பர்த் தோட்ட வாழ்க்கை பற்றிய தம் புதிய கட்டுரையைக் கோயில் திண்ணையில் ஒருநாள் விளக்கினார். காலமெல்லாம் பால்மரம் வெட்டிய பெரியம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டார்:

"உச்சி வெயில்ல மரம் வெட்டப் போவாங்களா? எந்தத் தோட்டத்துல தம்பி? விடியக்காலையில வெட்டுனாத்தானே பால் நல்லா ஓடும்!"

"மேற்கோள் இருக்கு பெரியம்மா."

இருந்தது. ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருந்தன. புத்தகம் மட்டும் உலகத்திலேயே இல்லை. தெரியாது என்று சொல்லப் பல நேரம் எந்திரத்துக்கு மனம் வராது. கேட்டவுடன் ஒரு நூலைப் பெற்றுப் போட்டுவிடும்.

"சரி, எழுதுனது யாரு?"

"நான்தான்."

"மிஷினுன்னு சொன்னியே?"

"அது உதவி."

"அப்ப உதவின்னு போட்டியா?"

அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சார் நகர்ந்தார்.

ஆய்வு வெளியீட்டு நெறிகளுக்கான பன்னாட்டு அமைப்பான கோப் 2023 பிப்ரவரியில் சொன்னதும் ஏறக்குறைய பெரியம்மா கேட்டதுதான். எந்திரத்தால் பொறுப்பேற்க முடியாது, ஆகவே அது கட்டுரையாசிரியர் ஆகாது. பயன்படுத்தினால் எதற்கு, எப்படி என்று எழுத வேண்டும். பிழைக்கு மனிதரே பொறுப்பு.

சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் நிறுவனத்தின் ஆய்விதழ் ஒன்றில் எலிப் படம் ஒன்று வந்தது. படம் வரையும் எந்திரமான மிட்ஜர்னி வரைந்தது என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். எலியின் ஆணுறுப்பு எலியைவிடப் பெரிதாக இருந்தது. படத்தில் இருந்த சொற்களில் பல எந்த மொழியிலும் இல்லாதவை. ஊர் சிரித்தபிறகு கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

தண்ணீர் கலந்த ரப்பர் பாலை மெட்ரோலாக் கருவியை வைத்துத் தோட்டத்துக் கிராணி கண்டுபிடித்துவிடுவார். ஆய்விதழ் வாசலில் அந்தக் கிராணி இன்னும் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. அவர் ஒழுங்காக வரும்வரை பொறுப்பு நம்முடையது. உங்கள் ஊர் ஸ்கோப்பஸ் சாரைக் கண்டால் பணிவாக ஒன்று கேளுங்கள்: "சார், மேற்கோள் பட்டியல்ல மூணாவதா இருக்கற புத்தகத்தைக் கொஞ்சம் இரவல் தர்றீங்களா?"