அப்பாவின் ஒப்புதல்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நம் வீடுகள் தீர்ப்புக்குத் தலைவணங்கின. மகளின் வாட்ஸ்அப்பைப் படிக்க வரும் அம்மா இப்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் போனைப் பிடுங்குகிறார்.

ஒப்புதலும் முறைப்படியே பெறப்படுகிறது. "போனைக் குடுக்கிறியா, வைஃபையை நிறுத்தட்டுமா?" இதைவிடச் சுதந்திரமான தேர்வு எந்த ஜனநாயகத்தில் உண்டு?

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளுக்கு முனைக்கு முனை குறியாக்கம். அனுப்பியவரும் பெற்றவரும் தவிர வேறு யாராலும், அந்த நிறுவனத்தாலும்கூட, படிக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் நிற்கும் அப்பாவைக் கணக்கில் சேர்க்காதது பொறியாளர்களின் பெருந்தன்மை. மறையும் செய்திக்குக் குறைந்தது 24 மணி நேர ஆயுள். பெரியம்மா வரை சேதி போக அது தாராளம்.

2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அருமை. 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கத்தக்கதாக. தவறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

இனி ஏதாவது செயலி அப்பாவின் ஒப்புதலைக் கேட்டால், அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி போனை மகனிடம் நீட்டுவார்: "என்னமோ ஓடிபி வந்திருக்கு, பார்த்துப் போடுடா." அந்த போனின் பூட்டு எண்ணை வைத்தவனும் அவன்தான்.