பேசின் விளிம்புச் சிலிக்கான் அகற்றல்: எல்லையியல் நோக்கில் ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் பாலசமுத்திரம். கால எல்லை, மேஸ்திரி “நாளைக்கு வரேன்” என்று சொன்ன நாள் தொட்டு அவர் வந்த நாள் வரை. படுத்துக் குளிக்கும் தொட்டி இவ்வட்டாரத்தில் அரிது என்பதால், வாஷ்பேசின் டைல்ஸைத் தொடும் கோடே முதன்மைச் சான்று.

விளிம்புப் பூச்சு மூவகைப்படும். வெள்ளைச் சிமெண்ட்: ஹாக்ஸா பிளேடால் சுரண்ட உதிரும். எப்பாக்சி: எளிதில் உதிராது. மூன்றாவது சிலிக்கான். அதன்மேல் படரும் கறுப்புப் பூஞ்சைக்குத் தனி நூலே வேண்டும். நிதி வந்தால் எழுதப்படும்.

முதலில் தீர்க்க வேண்டியது: சிலிக்கான் பேசினுக்கு உரியதா, டைல்ஸுக்கு உரியதா? இது தெரியாமல் பிளேடை வைப்பது ஆய்வு நெறியன்று. ஆந்திர–சென்னை மாநில எல்லைத் தகராற்றில் நடுவராக இருந்த படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னைப் பக்கம் போயின. பாலசமுத்திரம் ஆந்திரப் பக்கமே நின்றது. அந்நெறிப்படி அங்குலத்தை அலகாக்கி, ஒவ்வோர் அங்குலமும் எந்தப் பக்கம் இறுக ஒட்டியிருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும்.

பேசின் கட்சியாரின் ஆதாரம்: ஹார்டுவேர் கடை பில், பின்பக்கம், பென்சில் குறிப்பு, வரி 3. டைல்ஸ் கட்சியாரின் மறுப்பு: அதே பில், முன்பக்கம், ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்னும் பகுதிக்கு மேஸ்திரியின் மைத்துனர் வாய்மொழியாக அருளிய விரிவுரை, டீக்கடைப் பதிப்பு, பஜ்ஜி எண்ணெயில் இரண்டு சொற்கள் சிதைந்தது. அச்சிதைந்த சொற்களின்மீதுதான் அவர்கள் கொள்கை முழுவதும் நிற்கிறது. கல்வெட்டறிஞர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் அணியினர் மணத்தால் காலம் கணிப்பவர்கள். சிலவகைச் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால் வினிகர் நெடி வரும், இறுகியபின் போய்விடும். ஆகவே நெடி இல்லாத சிலிக்கான் யாவும் சங்க காலத்தது என்பது இவர்தம் துணிபு.

பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது. துளி விடாமல் எடுத்தாக வேண்டும். பாத்ரூம் ஆசிட் சிமெண்டைத் தின்னுமே தவிரச் சிலிக்கானைக் கரைக்காது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; ஆளுக்கே ஆபத்து. இந்தப் பத்தியில் மட்டும் கேலி இல்லை.

முடிவில் மேஸ்திரி வந்தார். மேலும் கீழும் பிளேடால் கீறினார், ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார், ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டினார், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். எந்தக் கட்சி என்று கேட்டதற்கு, “கொஞ்சம் தள்ளி நில்லு சாமி” என்றார். இது அவரது கோட்பாட்டு நிலைப்பாடாகப் பதிவு செய்யப்பட்டது.

உருவிய கீற்று எந்த மாநில அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று இருநாள் கருத்தரங்கு நடைபெறும். மதிய உணவு உண்டு. பயணப்படி முனைவர்களுக்கு மட்டும்.